காரமான இறால் நண்டு சீஸ் டிப்: தண்ணீர் விடாமல், பிரியாமல் செய்யும் முறை

சிப்ஸ், பிரெட் தொட்டுச் சாப்பிடும் இந்த டிப்பை முதல்முறை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் சறுக்குகிறது. ஒன்று, இறாலைப் பச்சையாகவே சீஸ் சாஸில் போட்டு அங்கேயே வேகவிடுகிறார்கள். இறால் விடும் தண்ணீரில் சாஸ் நீர்த்துக் கஞ்சியாகிவிடுகிறது. இன்னொன்று, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சீஸைக் கொட்டிவிடுகிறார்கள். எண்ணெய் மேலே மிதக்க, அடியில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி கிடக்கும். என் தங்கைக்கு ஒரே நாளில் இரண்டும் நடந்தன. அன்று ஆறு பேர் விருந்தாளிகள் வேறு.

அதனால் இதில் கைப்பக்குவத்தைவிட வரிசைதான் முக்கியம். நண்டு, இறால், ஓட்டுப் பால் (இறால் ஓட்டின் மணம் இறங்கிய பால்), சாஸ், சீஸ் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம் நண்டை மட்டும் போட்டு, காரம் அதிகமில்லாமல் ஓவனில் சுட்டு எடுப்பார்கள். லூசியானா பக்கம் இறாலும் மிளகாயும் சேரும். நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில், ஓவன் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய முறை.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு பேர் தொட்டுச் சாப்பிட இந்த அளவு போதும்.

இறால் 500 கிராம், தலை ஓட்டோடு. நடுத்தர அளவு போதும். எப்படியும் நறுக்கத்தான் போகிறோம், பெரிய இறாலுக்குக் காசு கொடுப்பது வீண். சுத்தம் செய்தபின் 250 கிராம் சுமாருக்கு நிற்கும். கடல் நண்டு இரண்டு, சேர்த்து 500 கிராம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே சதை இருக்காது.

கொழுப்பு நீக்காத பால் 300 மி.லி. ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட். வெண்ணெய் 40 கிராம், மைதா 2 டேபிள்ஸ்பூன், சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் இரண்டு. காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், காரமான மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், புதிதாக இடித்த மிளகு 1 டீஸ்பூன், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு எலுமிச்சம்பழம், வெங்காயத்தாள் ஒரு பிடி.

சீஸ் மூன்று வகை: புராசஸ்டு சீஸ் 100 கிராம், செடார் 75 கிராம், கிரீம் சீஸ் 100 கிராம். ஏன் மூன்று? செடாரில்தான் ருசி இருக்கிறது, ஆனால் சூட்டில் சீக்கிரம் எண்ணெய் விடும். புராசஸ்டு சீஸில் ருசி சுமார்தான், ஆனால் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் அதில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. செடாரையும் அது சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கிரீம் சீஸ் வழவழப்புக்கு. அது கிடைக்காவிட்டால் புராசஸ்டு சீஸை 150 கிராம் ஆக்கி, மூன்று டேபிள்ஸ்பூன் ஃபிரெஷ் கிரீம் சேர்த்துக்கொள்ளலாம்.

மொசரெல்லா மட்டும் வேண்டாம். அது நூல் நூலாக இழுக்கும். பீட்சாவுக்கு அது அழகு. டிப்பில் போட்டால் முதல் ஆள் சிப்ஸை எடுக்கும்போதே பாதிக் கிண்ணம் கூடவே வந்துவிடும்.

சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவிய பாக்கெட் சீஸில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். சாஸ் மணல்மணலாக இருக்கும். துருவியபின் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராகப் போட்டால் சாஸின் சூடு சட்டென்று இறங்கி, சீஸ் பாதி உருகி பாதி கட்டியாக நிற்கும்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, அடி கனமான ஒன்று, கம்பி விஸ்க் ஒன்று, மெல்லிய வடிகட்டி ஒன்று. இரும்புக் கடாய் வேண்டாம், எலுமிச்சை சேரும்போது நிறமும் ருசியும் மாறும்.

2. நண்டு: முந்தின நாளே முடித்துவிடலாம்

கடையில் நண்டை உடைத்துத் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழம்புக்கு உடைத்து வாங்குவதுதான் வழக்கம், மசாலா உள்ளே இறங்க வேண்டுமே. இங்கே நமக்கு வேண்டியது சதை மட்டும். உடைத்து வேகவைத்தால் அதன் சாறெல்லாம் தண்ணீரில் போய்விடும்.

உயிருள்ள நண்டாக இருந்தால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து அசைவடங்கியபின் எடுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும், தட்டில் நண்டை முதுகு கீழே இருக்கும்படி மல்லாத்தி வைத்து 12 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் சாறு வழியாமல் உள்ளேயே நிற்பதற்குத்தான் மல்லாத்துவது.

நன்றாக ஆறட்டும். சூட்டோடு உடைத்தால் சதை ஓட்டில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும். ஆறியபின் மேல் ஓட்டைக் கழற்றி, பக்கவாட்டில் பஞ்சுபோல இருக்கும் செவுளை எறிந்துவிட்டு, கொடுக்கையும் உடம்பையும் உடைத்துச் சதையை எடுங்கள். 120 கிராம் கிடைத்தால் நல்ல நண்டு.

இனி ஓட்டுத் துண்டு தேடும் வேலை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெந்த ஓட்டுச் சில்லும் சதையும் ஒரே வெள்ளை. காலியான எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, சதையைச் சிட்டிகை சிட்டிகையாக அதன்மேல் போடுங்கள். சதை விழுந்தால் சத்தமே வராது. சில்லு இருந்தால் ‘டிக்’ என்று கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, டிவியையும் அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. பத்து நிமிடம் ஆகும். இதைச் சோம்பல்பட்டு விட்டால், யாருடைய பல்லாவது கண்டுபிடித்துச் சொல்லும்.

மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும்.

3. இறால்: சுத்தம், ஈரம், இரண்டு நிமிடம்

நான் வாங்கும் மீன்கார அக்காவிடம் ஓடும் தலையும் தனிப் பையில் வேண்டும் என்று முதல்முறை கேட்டபோது, “குழம்புக்குத் தலை போதும், ஓடு எதுக்கும்மா? பூனை வளக்குறியா?” என்றார். இப்போது கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுகிறார். நீங்களும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அடுத்த கட்டத்துக்கு அதுதான் மூலதனம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வனாமி இறால்தான். டிப்புக்கு அது தாராளமாகப் போதும்.

கடையில் உரித்துத் தந்தாலும் முதுகுக் குடலைப் பல நேரம் விட்டுவிடுவார்கள். முதுகில் லேசாகக் கீறிக் கறுப்பு நரம்பை உருவிவிடுங்கள். கழுவியபின் துணியில் அல்லது டிஷ்யூ தாளில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்குங்கள். அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டுப் பிரட்டுங்கள். உப்பு இப்போது வேண்டாம், அது தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

உறையவைத்த பாக்கெட் இறால் என்றால் முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு வடிகட்டியில் வைத்துவிடுங்கள். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் வெளிப்புறம் வெந்து உள்ளே ஐஸாக நிற்கும்.

வாணலி நன்றாகச் சூடானதும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, இறாலை இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு வதக்குங்கள். மொத்தமாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, வதங்காமல் தன் தண்ணீரிலேயே வேகும். ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள், திருப்பி இன்னொரு நிமிடம். கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் போய் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறியதும் எடுத்துவிடலாம். வெப்பமானி இருந்தால், உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும்.

எடுத்த இறாலைக் கிண்ணத்தில் போடாமல், கீழே ஒரு பாத்திரம் வைத்த வடிகட்டியில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கீழே தண்ணீர் தேங்கியிருக்கும். ஒருமுறை அளந்து பார்த்தேன்: 250 கிராம் இறாலுக்கு நான்கு டேபிள்ஸ்பூன். அவ்வளவும் சீஸ் சாஸுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் இறால் ருசி.

கணவாய் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் நான் சேர்ப்பதில்லை. கணவாய்க்கு ஒன்றரை நிமிடம் தாண்டினால் ரப்பர். சூடான சாஸில் மறுபடி கிடக்கும்போது அந்த ஒன்றரை நிமிடம் எப்படியும் தாண்டிவிடும்.

4. ஓட்டுப் பால்

டிப்பின் மணம் முழுக்க இந்தக் கட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் எல்லோரும் தாண்டிப் போய்விடும் கட்டமும் இதுதான்.

அதே வாணலியில் 15 கிராம் வெண்ணெய் போட்டு, கழுவி ஈரம் போக்கிய இறால் தலைகளையும் ஓடுகளையும் மிதமான தீயில் வதக்குங்கள். கரண்டியின் பின்புறத்தால் தலைகளை அழுத்தி நசுக்கிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் ஓடு சிவந்து, வெண்ணெயும் ஆரஞ்சு நிறமாகும். இறாலின் நிறப்பொருள் பச்சையில் ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. சூடு பட்டதும் அது விடுபட்டுக் கொழுப்பில் கரைகிறது. தண்ணீரில் ஓட்டைக் கொதிக்கவிட்டால் இந்த நிறம் வராது, வெண்ணெய்தான் வேண்டும்.

இப்போது பாலையும், வடிகட்டியில் இறங்கிய இறால் சாற்றையும் ஊற்றுங்கள். தீயை ஒடுக்கி, ஓரத்தில் சின்னக் குமிழி வரும் அளவில் எட்டு நிமிடம். தளதளவென்று கொதிக்க வேண்டாம். மெல்லிய வடிகட்டியில் வடித்து, ஓட்டை அழுத்திப் பிழிந்துகொள்ளுங்கள். இறால் மீசை தொண்டையில் குத்தும், அதனால் பெரிய கண் வடிகட்டி உதவாது. 300 மி.லி. சுமாருக்கு வெளிர் ஆரஞ்சு நிறப் பால் நிற்கும்.

“மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வெண்புள்ளி என்பது உடலின் நோய் எதிர்ப்பு சக்தி நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதல்ல. ஆனால் இறால், நண்டு ஒவ்வாமை நிஜமானது, சிலருக்கு ஆபத்தானதும்கூட. சீஸுக்குள் மறைந்திருக்கும் பண்டம் என்பதால் விருந்தாளிகளிடம் இதில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. மசாலாவும் மாவும்

அடி கனமான பாத்திரத்தில் மீதி 25 கிராம் வெண்ணெய். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, பூண்டையும் பச்சை மிளகாயையும் சேருங்கள். பூண்டு வாசம் எழுந்ததும் தீயைக் குறைத்து, மிளகாய்த்தூள்களைப் போட்டு 20 விநாடி பிரட்டுங்கள்.

மிளகாய்த்தூள் இங்கேயே, வெண்ணெயிலேயே வெந்தாக வேண்டும். மிளகாயின் காரமும் நிறமும் கொழுப்பில் இறங்குபவை. சீஸ் போட்டபின் தூவினால் பச்சை வாசம் கடைசிவரை போகாது.

அளவைப் பார்த்து ‘இவ்வளவு காரமா’ என்று பாதியாகக் குறைக்காதீர்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் மிளகாய்க் காரத்தைப் பிடித்து அமுக்கிவிடும். வாய் எரியும்போது தண்ணீரைவிட மோர் கேட்பதும் இதனால்தான். இந்தக் கட்டத்தில் ருசி பார்த்தால் நாக்கு சுள்ளென்று இருக்க வேண்டும். சீஸ் சேர்ந்தபின் அது அளவாக நிற்கும். கரம் மசாலா வேண்டாம். பட்டை, கிராம்பு வாசம் சீஸோடு சேர்ந்தால் இறாலின் மணம் காணாமல் போய்விடும்.

பிறகு மைதாவைத் தூவி, இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசம் போய், வறுத்த வாசம் வர வேண்டும். அப்புறம் ஓட்டுப் பாலை ஒரு கரண்டி விட்டு விஸ்க்கால் வேகமாகக் கலக்குங்கள். கெட்டியான விழுதாகும். அடுத்த கரண்டி. இப்படி நான்கைந்து தடவையாக ஊற்றினால் கட்டி தட்டாது. ஒரேயடியாக ஊற்றினால் மாவு உருண்டைகளின் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே உலர்ந்த மாவாகவே நிற்கும். அவற்றை அப்புறம் உடைப்பது பெரும்பாடு.

எல்லாப் பாலும் சேர்ந்தபின் மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கொதி வந்தால்தான் மாவு முழுசாகக் கெட்டிப்படும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும்.

6. சீஸ்: அடுப்பை அணைத்தபின்

அடுப்பை அணையுங்கள். சிம்மில் வைப்பதல்ல, அணைப்பது. பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். செடார் 65 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், கொதிக்கிற சாஸ் அதற்குத் தேவையே இல்லை. அதிகச் சூடு பட்டால் அதன் புரதம் சுருங்கி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

முதலில் கிரீம் சீஸைக் கலந்து வழவழப்பாக்குங்கள். அடுத்து புராசஸ்டு சீஸ், ஒரு பிடி ஒரு பிடியாக. அது முழுசாகக் கரைந்தபின்தான் செடார். பிரியாமல் காக்கிற சீஸ் முதலில் உள்ளே இருக்க வேண்டும், பிரியக்கூடியது பிறகு வர வேண்டும். விஸ்க்கை வேகமாகச் சுழற்றாமல் நிதானமாகக் கிளறுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று சாஸைப் பாருங்கள். பளபளப்பாக, ஓரத்தில் எண்ணெய்க் கோடு இல்லாமல் இருக்கிறதா? ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் இப்போதே செய்துவிடுங்கள். இறாலும் நண்டும் உள்ளே போனபின் மிக்ஸியில் அடிக்கவும் முடியாது, வடிகட்டவும் முடியாது.

எண்ணெய் பிரிந்திருந்தால்: இரண்டு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலும் ஒரு துண்டு புராசஸ்டு சீஸும் போட்டு, அடுப்பில் வைக்காமலே அடித்துக் கலக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், சூடு கொஞ்சம் ஆறியபின் மிக்ஸியில் பத்து விநாடி ஓட்டுங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும். மணல்மணலாக இருப்பது வேறு கோளாறு. அது சீஸ் அதிகம் சூடானதால் வந்தது. மிக்ஸி கொஞ்சம் உதவும், முழுசாகச் சரியாகாது.

7. இறால், நண்டு, உப்பு, எலுமிச்சை

வடிந்த இறாலைப் போட்டுக் கலக்குங்கள். நண்டைக் கடைசியில் போட்டு, இரண்டு மூன்று தடவை மட்டும் மெல்லப் புரட்டுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் நண்டு நாராகி எங்கே போனதென்றே தெரியாது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த சதை!

உப்பு இப்போதுதான். அதுவும் ருசி பார்த்தபின். மூன்று சீஸிலும், நண்டிலும் உப்பு இருக்கிறது. நான் பாதித் தடவை உப்பே போடுவதில்லை.

எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன் போதும், அதுவும் சூடு தணிந்தபின். சூட்டில் புளிப்பு சேர்ந்தால் பால் திரியப் பார்க்கும். இன்னும் மணம் வேண்டுமானால் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிப் போடுங்கள், அதில் புளிப்பே இல்லை. இடித்த மிளகும் வெங்காயத்தாளும் மேலே. புளிப்புக்காகக் கெட்டித் தயிர் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் முயன்று பார்த்தார். தயிர் திரிந்து, பால் கொழுக்கட்டை மாதிரி ஆனது.

8. பதமும் பரிமாறலும்

பாத்திரத்தில் தோசை மாவு பதத்தில் இருந்தால் மேசைக்கு வரும்போது இட்லி மாவு பதம் ஆகிவிடும். சூடாக இருக்கும்போதே கெட்டியாக்கிவிட்டால், ஐந்து நிமிடத்தில் சிப்ஸ் குத்தினால் சிப்ஸ்தான் உடையும். கெட்டியானால் சூடான பால் ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள்.

கல்சட்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே லாபம். அதில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொட்டித் துடைத்துவிட்டு டிப்பை ஊற்றினால் எந்தக் கண்ணாடிக் கிண்ணத்தையும்விட அதிக நேரம் இளகியே இருக்கும்.

தொட்டுக்கொள்ள அப்பளம் உதவாது, கனம் தாங்காமல் உடைந்துவிடும். மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ், நன்றாக மொறுமொறுப்பாகச் சுட்ட பிரெட் துண்டு, இனிப்பில்லாத ரஸ்க், நீளமாக நறுக்கிய கேரட் நல்லது. வெள்ளரிக்காய் வைத்தால் துடைத்து வையுங்கள், அதன் தண்ணீர் கிண்ணத்துக்குள்தான் சொட்டும்.

மேலே பொன்னிறமாக வேண்டுமென்றால் 200 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம், மேல்பக்கம் குமிழி விடும் வரை. அதற்குமேல் வைத்தால் அடியில் எண்ணெய் பிரியும், இறாலும் இறுகிவிடும்.

9. மிஞ்சினால்

சென்னை மாதிரி வெக்கையான ஊரில் சீஸும் கடலுணவும் மேசைமேல் நெடுநேரம் இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள், நல்ல வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் சிப்ஸ் விட்டுத் தொட்ட கிண்ணத்தில் மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள். முதலிலேயே பாதியைத் தனி டப்பாவில் எடுத்து மூடிவிட்டு, மீதியைப் பரிமாறுங்கள்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். ஃப்ரீசர் வேண்டாம், உருகும்போது தண்ணீரும் சீஸும் தனித்தனியாக நிற்கும். சூடாக்கும்போது நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, ஒரு கரண்டி பால் விட்டு, நன்றாக ஆவி பறக்கும் வரை கிளறுங்கள். ஒருமுறைதான் சூடாக்கலாம். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு விடுவதில்லை. மறுநாள் காலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி டிப்பை பிரெட் நடுவில் தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் அழுத்திச் சுட்டு, ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள்.